சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும் முன்னும் பின்னும்

உபுண்டு 22.04 ஓடும் கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி கொண்டு வீடியோ மேல் தமிழ் எழுத்து பதிக்க முயன்றவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். 'கொடைக்கானல்' என்று கொடுத்தால், 'கொ'வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். 'டை'யின் ஐகாரக் குறியும் அப்படியே இடம் மாறியிருக்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் கோளாறு எழுத்துருவில் இல்லை. அந்தப் பதிப்பில் உள்ள 'ட்ராடெக்ஸ்ட்' ஃபில்டர், குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. உயிர்மெய்யைச் சரியாகக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியை அது கூப்பிடுவதே இல்லை. 2023 நவம்பரில் வந்த 6.1 பதிப்பில்தான் ட்ராடெக்ஸ்டுக்கு ஹார்ஃப்பஸ் சேர்ந்தது. உபுண்டு 22.04 தருவதோ 4.4. டெபியன் 12 தருவது 5.1.

"அப்படியானால் புதிய பதிப்பை நானே கம்பைல் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டால், செய்யலாம். கட்டளைகள் நாலைந்துதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் கம்பைல் செய்த நிமிடத்திலிருந்து அந்த மென்பொருளுக்கு உபுண்டு பொறுப்பில்லை. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் தானாக வந்து சேராது. சிஸ்டத்தை மேம்படுத்தினால் அது ஓடாமல் போகலாம். எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்பதைக் கணினி நினைவில் வைத்திருக்காது. இவற்றையெல்லாம் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இந்தக் கட்டுரை கம்பைல் செய்யும் வழியைச் சொல்வதோடு நிற்காமல், பிறகு சிக்கலில்லாமல் வைத்திருக்கவும், வேண்டாதபோது தடயமின்றி எடுத்துவிடவும் வழி சொல்கிறது. எஃப்எஃப்எம்பெக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். முறை மற்ற மென்பொருள்களுக்கும் பொருந்தும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில், அவசியம்தானா?

கம்பைல் செய்யக் கிளம்புபவர்களில் பலருக்கு வேறு எளிய வழி இருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

நம் உதாரணத்திலேயே பாருங்கள். வீடியோவின் அடியில் நிலையாக ஒரு தமிழ் வரி வேண்டும், அவ்வளவுதான் என்றால் ட்ராடெக்ஸ்ட் தேவையே இல்லை. அந்த வரியை ஓர் எஸ்ஆர்டி அல்லது ஏஎஸ்எஸ் சப்டைட்டில் கோப்பில் எழுதி, 'சப்டைட்டில்ஸ்' ஃபில்டர் வழியாகப் பதித்துவிடலாம். அந்த ஃபில்டர் லிப்ஆஸ் என்ற லைப்ரரியை நம்பி நிற்கிறது. லிப்ஆஸ் பல ஆண்டுகளாகவே ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது. ஆகவே உபுண்டு கொடுத்த பழைய 4.4 பதிப்பிலேயே தமிழ் சரியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போல ஒரு தமிழ் எழுத்துரு கணினியில் இருந்தால் போதும்.

ஓடிக்கொண்டே இருக்கும் நேரம், நொடிக்கு நொடி மாறும் எண், வெளியே ஒரு கோப்பில் மாற்றினால் திரையிலும் உடனே மாறும் வரி, இப்படிப்பட்டவை வேண்டும் என்றால்தான் ட்ராடெக்ஸ்ட் தேவை. அப்போதும் கம்பைலுக்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. டெபியன் பயன்படுத்துபவர்கள் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஸ்னாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் வடிவில் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். எஃப்எஃப்எம்பெக் திட்டம் சோர்ஸை மட்டுமே வெளியிடுகிறது. ஆனால் அதன் பதிவிறக்கப் பக்கத்தில், பிறர் கம்பைல் செய்து வைத்த பதிப்புகளுக்கு இணைப்புகள் உண்டு.

இவை எதிலும் வேலை நடக்கவில்லை, அல்லது உங்களுக்கு வேண்டிய ஒரு வசதி அவற்றில் அணைக்கப்பட்டிருக்கிறது என்றால் அது கம்பைல் செய்ய நல்ல காரணம். ஒரு பிழையைத் திருத்தி நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதும் நல்ல காரணம். 'நாமே கம்பைல் செய்தால் வேகமாக ஓடும்' என்பது பெரும்பாலும் நல்ல காரணம் ஆகாது. எஃப்எஃப்எம்பெக்கில் வேகம் தேவைப்படும் பகுதிகள் அசெம்ப்ளியில் கையால் எழுதப்பட்டவை. ஓடும்போதே அது உங்கள் பிராசசர் எதுவென்று பார்த்து, அதற்கேற்ற பகுதியை எடுத்துக்கொள்கிறது. உபுண்டு கொடுத்த பதிப்பிலும் அந்த வேகம் ஏற்கெனவே இருக்கிறது.

மென்பொருளின் அளவையும் பாருங்கள். சாதாரண நாலு கோர் கணினியில் எஃப்எஃப்எம்பெக் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை. குரோமியம் பிரவுசரைக் கம்பைல் செய்யவோ குறைந்தது 8 ஜிபி ரேமும் 100 ஜிபி காலி இடமும் வேண்டும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. முதல் முயற்சிக்குச் சிறிய மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

கருவிகளும் 'டெவ்' பேக்கேஜ்களும்

உபுண்டுவிலும் டெபியனிலும் 'பில்ட்-எசென்ஷியல்' என்ற ஒரே பேக்கேஜை நிறுவினால் ஜிசிசி, ஜி++, மேக் எல்லாம் வந்துவிடும். ஆர்ச்சில் இதற்கு இணையானது 'பேஸ்-டெவல்'. இதோடு 'பிகேஜி-கான்ஃபிக்', 'கிட்' இரண்டையும் சேருங்கள். எஃப்எஃப்எம்பெக்குக்கு மட்டும் கூடுதலாக 'நாஸ்ம்' என்ற அசெம்ப்ளர் வேண்டும்.

அடுத்து, புதியவர்களைப் பெரும்பாலும் சறுக்கிவிடும் இடம். "வீடியோவை என்கோட் செய்யும் எக்ஸ்264 என் கணினியில் இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஆனால் கம்பைல் செய்யும்போது மட்டும் அது இல்லை என்கிறதே?" இருப்பது ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய அதன் ஹெடர் கோப்புகளும், அது எங்கே இருக்கிறது என்று பிகேஜி-கான்ஃபிக்குக்குச் சொல்லும் சிறு கோப்பும் வேண்டும். அவை தனிப் பேக்கேஜில் வரும். டெபியன் வழி வந்தவற்றில் அதன் பெயர் '-டெவ்' என்று முடியும், ஃபெடோரா வழி வந்தவற்றில் '-டெவல்' என்று முடியும். நமக்கு இப்போது வேண்டியவை லிப்எக்ஸ்264-டெவ், லிப்ஃப்ரீடைப்-டெவ், லிப்ஹார்ஃப்பஸ்-டெவ், லிப்ஃபான்ட்கான்ஃபிக்-டெவ், லிப்ஆஸ்-டெவ். எஃப்எஃப்ப்ளே என்ற பிளேயரும் வேண்டும் என்றால் லிப்எஸ்டிஎல்2-டெவ்.

குறுக்குவழி ஒன்றும் உண்டு. 'ஆப்ட் பில்ட்-டெப்' என்று அடித்துப் பின்னால் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால், உபுண்டு அந்தப் பேக்கேஜைக் கம்பைல் செய்யத் தேவைப்பட்ட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறக்கிவிடும். அதற்கு முன் களஞ்சியப் பட்டியலில் 'டெப்-சோர்ஸ்' வரிகள் இயக்கத்தில் இருக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றுக்கு இந்தப் பட்டியல் மிக நீளம். வட்டில் இடம் குறைவு என்றால் வேண்டியதை மட்டும் கையால் நிறுவுவதே நல்லது.

சோர்ஸை எங்கிருந்து எடுப்பது?

திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து வேண்டாம். கிட் வழியாக எடுப்பதானால் முதன்மைக் கிளையை அப்படியே எடுக்காதீர்கள். அன்றாடம் கைவைத்துக்கொண்டிருக்கும் இடம் அது. 7.1 போல ஒரு வெளியீட்டுக் கிளையைத் தேர்ந்து, அதில் கடைசியாக வந்த சிறு பதிப்பின் டேகை எடுங்கள். முழு வரலாறும் வேண்டாம் என்றால் '--டெப்த் 1' கொடுத்தால் பதிவிறக்கம் வெகுவாகக் குறையும்.

சோர்ஸைச் சுருக்கி வைத்த டார்பால் கோப்பை எடுத்தால் கூடவே இருக்கும் கையொப்பக் கோப்பையும் எடுத்து ஜிபிஜி கொண்டு சரிபாருங்கள். வழியில் யாரும் கோப்பை மாற்றவில்லை என்று அது உறுதி சொல்லும். அதற்கு மேல் அதை நம்பிவிடவும் கூடாது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் வழி உள்நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியபோது சிக்கியது அது. பின்கதவைக் கிளப்பிவிடும் வரி வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. டார்பாலைத் தயாரித்தவரே திட்டத்தின் பராமரிப்பாளராக இருந்ததால் கையொப்பமும் செல்லும் கையொப்பமே. இரண்டு வழியும் இருக்கும்போது நான் கிட் டேகைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். புதுப் பதிப்பு வந்த அன்றே பாய்ந்து எடுக்காமல் சில வாரம் பொறுப்பதும் நல்ல பழக்கம்.

கான்ஃபிகர் சொல்வதைப் படியுங்கள்

சோர்ஸ் ஃபோல்டருக்குள் 'கான்ஃபிகர்' என்று ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கும். அடுப்பு மூட்டுமுன் சாமான் பட்டியலை ஒருமுறை சரிபார்க்கும் சமையல்காரர் போல, கம்பைலர் இருக்கிறதா, எந்த லைப்ரரி இருக்கிறது, எந்தப் பதிப்பு என்றெல்லாம் பார்த்து, அதற்கேற்ப மேக்கோப்பைத் தயாரித்துத் தருவது அதன் வேலை. பல திட்டங்களில் இந்த ஸ்க்ரிப்ட் ஆட்டோகான்ஃப் உருவாக்கியதாக இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் இருப்பது கையால் எழுதப்பட்டது. எதுவானாலும் முதலில் '--ஹெல்ப்' கொடுத்து என்னென்ன தெரிவுகள் உண்டு என்று படித்துவிடுங்கள்.

சோர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இயக்காமல், பக்கத்தில் 'பில்ட்' என்று ஒரு காலி ஃபோல்டர் போட்டு அங்கிருந்து கான்ஃபிகரை அழையுங்கள். குழப்பம் வந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். சோர்ஸில் அழுக்கு படாது.

நமக்கு வேண்டிய தெரிவுகள் இவை: '--ப்ரிஃபிக்ஸ்' கொடுத்து எங்கே நிறுவ வேண்டும் என்று சொல்ல வேண்டும் (இதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்). எக்ஸ்264 ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் '--எனேபிள்-ஜிபிஎல்' கொடுத்துவிட்டு '--எனேபிள்-லிப்எக்ஸ்264' கொடுக்க வேண்டும். ட்ராடெக்ஸ்டுக்கு '--எனேபிள்-லிப்ஃப்ரீடைப்', '--எனேபிள்-லிப்ஹார்ஃப்பஸ்' இரண்டும் கட்டாயம். எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைக்க '--எனேபிள்-லிப்ஃபான்ட்கான்ஃபிக்'. சப்டைட்டிலுக்கு '--எனேபிள்-லிப்ஆஸ்'.

'எக்ஸ்264 பிகேஜி-கான்ஃபிக்கில் கிடைக்கவில்லை' என்று கான்ஃபிகர் நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள். உரிய டெவ் பேக்கேஜை நிறுவி மறுபடி இயக்கினால் போதும். 'நாஸ்ம் இல்லை அல்லது மிகப் பழையது' என்று சொன்னால் நாஸ்மை நிறுவுங்கள். அசெம்ப்ளியை அணைத்துவிட்டுத் தொடரலாம் என்று அந்தச் செய்தியே ஒரு வழி காட்டும். அந்த வழியில் போனால் முடமான பதிப்புதான் கிடைக்கும் என்று அதுவே எச்சரிக்கவும் செய்கிறது. போகாதீர்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, கான்ஃபிகர் ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும்போதுதான். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட லைப்ரரி கிடைக்காவிட்டால் அது நிற்கும். நீங்கள் கேட்காததை அது பேசாமல் விட்டுவிடும். ஹார்ஃப்பஸ் தெரிவை மறந்துவிட்டால் பிழை வராது, கம்பைலும் சுமுகமாக முடியும், ஆனால் ட்ராடெக்ஸ்ட் என்ற ஃபில்டரே இருக்காது. எஸ்டிஎல்2 இல்லையென்றால் எஃப்எஃப்ப்ளே உருவாகாது, அதற்கும் பிழைச் செய்தி கிடையாது. அதனால் கடைசியில் திரையில் ஓடும் நீண்ட பட்டியலைப் படியுங்கள். வெளி லைப்ரரிகளின் பட்டியலில் ஹார்ஃப்பஸ் இருக்கிறதா? இயக்கப்பட்ட ஃபில்டர்களில் ட்ராடெக்ஸ்ட் இருக்கிறதா? உரிமம் என்னவென்று எழுதியிருக்கிறது? இந்த மூன்றையும் பார்த்த பிறகே அடுத்த அடி.

உரிமத்தை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், எஃப்எஃப்எம்பெக் இயல்பில் எல்ஜிபிஎல் உரிமத்தில் வருவது. ஜிபிஎல் தெரிவு கொடுத்தால் முழுவதும் ஜிபிஎல் ஆகிவிடும். '--எனேபிள்-நான்ஃப்ரீ' கொடுத்துச் சில லைப்ரரிகளைச் சேர்த்தால், உருவாகும் கோப்பை வேறு யாருக்கும் கொடுக்க உரிமை கிடையாது. வீட்டில் நீங்கள் மட்டும் பயன்படுத்தினால் சிக்கலில்லை. ஸ்டுடியோவில் பத்துப் பேருக்கோ வாடிக்கையாளருக்கோ நகல் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அந்தத் தெரிவைத் தொடாதீர்கள்.

மேக்

அடுத்த கட்டளை 'மேக்'. எத்தனை வேலையை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும் என்பதை '-ஜே' என்ற தெரிவு சொல்லும். கோர் எண்ணிக்கையை 'என்ப்ராக்' என்று அடித்தால் தெரிந்துகொள்ளலாம். எஃப்எஃப்எம்பெக் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது, ரேமை அதிகம் கேட்காது. கோர் எத்தனையோ அத்தனை வேலை கொடுக்கலாம்.

சி++ மென்பொருள்களில் அப்படிக் கொடுக்க முடியாது. டெம்ப்ளேட் நிறைந்த ஒரே கோப்பைக் கம்பைல் செய்ய ஒரு ஜிபி, சில நேரம் இரண்டு ஜிபி வரை ரேம் போகும். 8 ஜிபி ரேம் உள்ள எட்டு கோர் கணினியில் '-ஜே8' கொடுத்தால் திரை உறைந்துபோய், கடைசியில் 'கில்ட்' என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைல் நின்றுவிடலாம். நிரலில் பிழையில்லை, ரேம் தீர்ந்துபோய் கெர்னல்தான் கம்பைலரைக் கொன்றிருக்கிறது. '-ஜே2' கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கோப்புகளின் நேரத்தை வைத்து எது முடிந்தது, எது பாக்கி என்று மேக் கண்டுபிடித்துத் தொடரும். ஆனால் மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு பாதியில் நின்றிருக்கலாம். கடைசியில் இணைக்கும் கட்டத்தில் புரியாத பிழை வந்தால் 'மேக் க்ளீன்' செய்துவிட்டு மறுபடி ஓட்டுவதே உத்தமம்.

'சூடோ' போட்டு மேக் ஓட்டாதீர்கள். அப்படிச் செய்தால் உருவாகும் கோப்புகள் எல்லாம் ரூட் பெயரில் நிற்கும். அடுத்த முறை சாதாரணமாக ஓட்டும்போது அனுமதி இல்லை என்று தகராறு செய்யும். முன்பின் தெரியாத ஸ்க்ரிப்ட்களுக்கு முழு அதிகாரம் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பிழை வந்தால்

கம்பைல் நிற்கும்போது கண் போவது திரையின் கடைசி வரிக்கு. அங்கே இருப்பது 'பிழை வந்ததால் நிறுத்துகிறேன்' என்ற மேக்கின் அறிவிப்பு மட்டுமே. உண்மைக் காரணம் அதற்கு மேலே, முதன்முதலில் 'எரர்' என்று வந்த வரியில் இருக்கும். பின்னால் வந்த ஐம்பது பிழைகளும் அந்த ஒன்றின் விளைவாகவே இருக்கக்கூடும். பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது செய்திகள் கலந்துபோவதால், பிழை வந்ததும் '-ஜே1' கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். பிழை தனியாக, தெளிவாக நிற்கும். 'வார்னிங்' என்று வருவனவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். பெரிய திட்டங்களில் அவை நிறைய வரும்.

எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஏதோ ஒரு '.எச்' கோப்பு இல்லை என்றால் டெவ் பேக்கேஜ் குறைகிறது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்றால் ஹெடர் கிடைத்துவிட்டது, ஆனால் இணைக்கும்போது லைப்ரரி கிடைக்கவில்லை, அல்லது ஹெடர் ஒரு பதிப்பும் லைப்ரரி வேறு பதிப்புமாக இருக்கிறது. கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்றால் 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பைத் திறந்து கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் அது 'எஃப்எஃப்பில்ட்' ஃபோல்டருக்குள் இருக்கும். கான்ஃபிகர் எந்தச் சிறு நிரலைக் கம்பைல் செய்து பார்த்தது, கம்பைலர் என்ன பதில் சொன்னது என்பது அதில் அப்படியே பதிந்திருக்கும். யாரிடமாவது உதவி கேட்டாலும் இந்தக் கோப்பையும் நீங்கள் கொடுத்த கான்ஃபிகர் வரியையும் சேர்த்தே கொடுங்கள். அவை இல்லாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

நிறுவும் முன் சோதனை

கம்பைல் முடிந்ததும் பில்ட் ஃபோல்டரிலேயே இயங்கும் கோப்பு தயாராக இருக்கும். நிறுவாமலே அதை இயக்கிப் பார்க்கலாம். முதலில் '-ஃபில்டர்ஸ்' கொடுத்து ட்ராடெக்ஸ்ட் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐந்து நொடி வீடியோ ஒன்றில் 'கொடைக்கானல்' என்று பதித்துப் பாருங்கள். ஒகாரம், ஐகாரம், புள்ளி மூன்றும் தத்தம் இடத்தில் வந்தால் கம்பைல் செய்த காரியம் நிறைவேறிவிட்டது. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் ட்ராடெக்ஸ்ட் தமிழ் இல்லாத எழுத்துருவை எடுத்திருக்கிறது. எழுத்துருக் கோப்பின் பாதையை நேரடியாகக் கொடுங்கள்.

பல திட்டங்களில் 'மேக் செக்' அல்லது 'மேக் டெஸ்ட்' என்று ஒரு சோதனைத் தொகுப்பு உண்டு. எஃப்எஃப்எம்பெக்கில் அதன் பெயர் 'ஃபேட்'. நேரம் இருந்தால் ஓட்டுங்கள். ஆனால் எதற்காகக் கம்பைல் செய்தீர்களோ அந்த வேலையை முதலில் சோதியுங்கள்.

எங்கே நிறுவுவது?

ப்ரிஃபிக்ஸ் பற்றி ஒரு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடைப்பிடியுங்கள்: '/யுஎஸ்ஆர்' பேக்கேஜ் மேனேஜருக்கு உரியது, அங்கே கை வைக்கக் கூடாது. அங்கே நிறுவினால் உபுண்டுவின் கோப்பு மேல் உங்கள் கோப்பு விழும். அடுத்த அப்டேட்டில் உங்கள் கோப்பு மேல் அதன் கோப்பு விழும். இரண்டும் பாதிப் பாதியாகக் கலந்து நின்றால் எதையும் நம்ப முடியாது.

கணினியில் எல்லாப் பயனர்களுக்கும் வேண்டும் என்றால் '/யுஎஸ்ஆர்/லோக்கல்' இருக்கிறது. நிர்வாகி தானே நிறுவுவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடம் அது, பெரும்பாலான திட்டங்களின் இயல்பு ப்ரிஃபிக்ஸும் அதுவே. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. ஷேர்டு லைப்ரரிகளை அங்கே நிறுவி 'எல்டிகான்ஃபிக்' ஓட்டினால், அதே பெயரும் அதே முதன்மை எண்ணும் கொண்ட லைப்ரரியைத் தேடும் மற்ற மென்பொருள்களும் உங்களுடையதை எடுத்துக்கொள்ளக்கூடும். எஃப்எஃப்எம்பெக் இயல்பாகவே தன் லைப்ரரிகளை இயங்கும் கோப்புக்குள் ஸ்டாட்டிக்காகச் சேர்த்துவிடுவதால் இந்த ஆபத்து இல்லை. காரணமில்லாமல் ஷேர்டு தெரிவை இயக்காதீர்கள்.

பைத்தானை நீங்களே கம்பைல் செய்தால் 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' செய்யுங்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல 'பைத்தான்3' என்ற கட்டளையை நம்பி ஓடுகின்றன. அந்தப் பெயரை உங்கள் பதிப்பு பிடுங்கிக்கொண்டால் அவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

ஒரே ஆள் பயன்படுத்தும் டெஸ்க்டாப்புக்கு என் பரிந்துரை இதுதான்: ஹோம் ஃபோல்டருக்குள் பதிப்பு எண்ணோடு தனி ஃபோல்டர் ஒன்றை ப்ரிஃபிக்ஸாகக் கொடுங்கள். 'எஃப்எஃப்எம்பெக்-7.1' என்பது போல. அங்கே நிறுவ சூடோ தேவையில்லை. ஹோமுக்குள் இருக்கும் '.லோக்கல்/பின்' ஃபோல்டரில் அதற்கு ஒரு சிம்லிங்க் போடுங்கள். அந்த ஃபோல்டரைப் புதிதாக உருவாக்கினால், ஒருமுறை வெளியேறி உள்ளே வந்ததும் உபுண்டு அதைத் தானாகவே 'பாத்'தில் சேர்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் புதுப் பதிப்பு வந்தால் பக்கத்தில் இன்னொரு ஃபோல்டரில் நிறுவி, சிம்லிங்கை மாற்றினால் போதும். பிடிக்கவில்லையா, சிம்லிங்கைப் பழையதற்கே திருப்பலாம். வேண்டாம் என்றால் ஃபோல்டரை அழித்துவிட்டால் ஒரு தூசும் மிஞ்சாது.

நிறுவிய பிறகும் பழைய பதிப்பே ஓடுகிறதா? 'டைப் -ஏ' என்று அடித்துக் கட்டளையின் பெயரைக் கொடுங்கள். எத்தனை நகல் இருக்கிறது, எது முதலில் வருகிறது என்று தெரியும். பட்டியல் சரியாக இருந்தும் பழையதே ஓடினால் ஷெல் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கிறது. 'ஹேஷ் -ஆர்' அடியுங்கள், அல்லது புது டெர்மினல் திறங்கள்.

சீமேக், மீசான்

கான்ஃபிகர் என்ற ஸ்க்ரிப்டே இல்லாத திட்டங்களும் நிறைய. ஃபோல்டரில் 'சீமேக்லிஸ்ட்ஸ்' என்ற கோப்பு இருந்தால் அது சீமேக். 'மீசான்.பில்ட்' இருந்தால் மீசான். கட்டளை மாறும், ஒழுங்கு மாறாது. சீமேக்கில் '-பி' தெரிவால் பில்ட் ஃபோல்டரைச் சொல்லி, 'சீமேக்_இன்ஸ்டால்_ப்ரிஃபிக்ஸ்' என்ற மாறியில் நிறுவும் இடத்தைக் கொடுக்கிறோம். மீசானில் 'மீசான் செட்அப்', பிறகு நின்ஜா. இங்கும் முதல் கட்டத்தில் எந்த வசதி கிடைத்தது, எது விடுபட்டது என்று ஒரு பட்டியல் வரும். அதைப் படிப்பதும், தனி ப்ரிஃபிக்ஸ் கொடுப்பதும் எங்கும் பொருந்தும்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் டபிள்யூஎஸ்எல்லில் உபுண்டு நிறுவினால் மேலே சொன்ன எல்லாமே அப்படியே பொருந்தும். ஆனால் உருவாகும் கோப்பு லினக்ஸ் கோப்பு. விண்டோஸிலேயே நேரடியாக ஓட வேண்டும் என்றால் எம்சிஸ்2 என்ற சூழலில் கம்பைல் செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகு

நிறுவியதும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு எழுதி அதே ப்ரிஃபிக்ஸ் ஃபோல்டரில் போட்டுவையுங்கள். எந்த டேக், என்ன கான்ஃபிகர் வரி, என்னென்ன டெவ் பேக்கேஜ்கள், எதற்காகக் கம்பைல் செய்தீர்கள் என்ற நாலு விவரம் போதும். எஃப்எஃப்எம்பெக்கில் '-வெர்ஷன்' கொடுத்தால் கான்ஃபிகர் வரியை அதுவே சொல்லிவிடும். மற்றவை பல அப்படிச் சொல்வதில்லை.

பாதுகாப்பை உங்கள் நாட்காட்டியில் எழுதுங்கள். வீடியோ கருவி என்பது யாரோ அனுப்பிய, யாரோ பதிவேற்றிய கோப்புகளைத் திறந்து பிரித்துப் பார்க்கும் கருவி. கெட்ட எண்ணத்தோடு தயாரித்த கோப்பு ஒன்றால் அதன் ஓட்டை வழியே உள்ளே நுழைய முடியும். உபுண்டுவின் பதிப்பில் ஓட்டை அடைபட்டாலும் உங்கள் பதிப்பில் அடைபடாது. எஃப்எஃப்எம்பெக் தளத்தில் பாதுகாப்புப் பக்கம் ஒன்று உண்டு, எந்தப் பதிப்பில் எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்று அதில் இருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் கிளையில் புதிய சிறு பதிப்பு வந்திருந்தால் அதே கான்ஃபிகர் வரியோடு மறுபடி கம்பைல் செய்யுங்கள். குறிப்புக் கோப்பு இருந்தால் இது கால் மணி நேர வேலை.

சிஸ்டத்தை மேம்படுத்தும் நாளையும் எதிர்பார்த்திருங்கள். உபுண்டு 22.04இல் எக்ஸ்264 லைப்ரரியின் எண் 163, உபுண்டு 24.04இல் 164. மேம்படுத்திய பிறகு பழைய லைப்ரரி நீங்கிவிட்டால், நீங்கள் கம்பைல் செய்த எஃப்எஃப்எம்பெக் '163ஐத் திறக்க முடியவில்லை' என்று சொல்லி நின்றுவிடும். எதெது குறைகிறது என்று 'எல்டிடி' என்ற கட்டளை காட்டும். 164க்கு 163 என்று சிம்லிங்க் போட்டு ஏமாற்றப் பார்க்காதீர்கள். எண் மாறியிருப்பதே இரண்டும் ஒத்துப்போகாது என்று சொல்லத்தான். மறுபடி கம்பைல் செய்வதுதான் வழி.

அதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இன்னமும் இது வேண்டுமா? உபுண்டு 24.04 தருவது எஃப்எஃப்எம்பெக் 6.1, டெபியன் 13 தருவது 7.1. இரண்டுமே ட்ராடெக்ஸ்டுக்கு ஹார்ஃப்பஸ் சேர்ந்துவிட்ட பதிப்புகள். தமிழ் எழுத்துக்காக மட்டும் கம்பைல் செய்தவர்களுக்கு அந்தக் காரணம் இத்தோடு தீர்ந்தது. சிஸ்டம் தந்த பதிப்பில் 'கொடைக்கானல்' சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, வந்தால் சிம்லிங்கை எடுத்துவிடுங்கள், ப்ரிஃபிக்ஸ் ஃபோல்டரை அழித்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மறுபடி உபுண்டு பார்த்துக்கொள்ளும். நாட்காட்டியில் எழுதியதையும் அடித்துவிடலாம்.